வைகாசி மாதம் வந்தது யார்?

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஆலமரம். விழுதுவிட்டு நன்றாகப் பரந்த மரம். அதன் கிளைகளில் ஆலம்பழத்தைத் தவிர வேறு ஏதோ காய்த்துத் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சாக்கு மூட்டைகள்! சிறிதும் பெரிதுமாக இருபதுக்குக் குறையாது.

"இது என்ன டாக்டர், ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டேன்.

என்னை அழைத்துச் சென்ற கால்நடை டாக்டர் சிரித்துவிட்டார்.

"பட்டணத்து ஆசாமி என்று காட்டிக் கொடுத்துவிட்டீர்களே! மாடு கன்று போட்டதும் இளங்கொடி விழும் அல்லவா? அதை வைக்கோலோடு சேர்த்துச் சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். ஆலமரம் கிள்ளினால் பால் வடிகிற மரம். அதைப் போல மாடும் பாலைச் சொரியும் என்று ஒரு நம்பிக்கை."

"பலிக்கிறதா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனால் நாய் வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டினார்களே, அதற்காக அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்."

இப்படிச் சொன்னவர், மரத்தை அண்ணாந்து பார்த்ததும் முகம் மாறினார். "இவற்றில் மூன்று மூட்டைகள் இங்கே தொங்கவே கூடாதவை. அந்த வீட்டுக்குத்தான் இப்போது போகிறோம்" என்றார்.

ஆறு மாதத்தில் மூன்று

கொங்கு நாட்டுக் கிராமம் அது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

ஓட்டு வீடு; பக்கத்தில் கட்டுத்தறி. அந்தப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்கு அதுதான் பெயர். அதில் நான்கு பசுக்கள், ஒரு கிடேரிக் கன்று. பெரியவர், அவர் மனைவி, மகன், புது மருமகள் ஆகிய நால்வருக்கும் அந்த நான்கு பசுக்கள்தாம் மாதச் சம்பளம். நிலம் இருக்கிறது. ஆனால் நிலம் வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்தால் கொடுக்கும், கொடுக்காவிட்டால் இல்லை. காலையும் மாலையும் சொஸைட்டிக்குப் போகிற பால் தான் கடைக்காரர் கணக்கைத் தீர்க்கிறது.

அந்தக் கட்டுத்தறியில் ஆறே மாதத்தில் மூன்று பசுக்கள் கன்றை வீசிவிட்டன. ஆடி மாதம் ஒன்று, கார்த்திகையில் செவலை, மார்கழியில் கருப்பி. மூன்றும் ஏழு மாதச் சினை. மூன்றும் பிழைக்கவில்லை.

ஒரு கன்று போனால் என்ன நஷ்டம் என்று பட்டணத்தில் இருக்கிற நமக்குத் தெரியாது. கன்று மட்டுமா போகிறது? பால் கட்டிவிடுகிறது. மறுபடி சினை ஊசி போட வேண்டும்; அது பிடிக்க வேண்டும்; பிடித்தபின் ஒன்பது மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அதுவரையில் பால் கொடுக்காத மாட்டுக்கும் தீனி போட்டாக வேண்டும். இப்படி ஒன்றல்ல, மூன்று என்றால்?

டாக்டர் திண்ணையில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"என்னத்தச் சொல்றதுங்க! இத்தனை வருஷத்துல இந்தக் கட்டுத்தறியில ஒரு கன்னு தவறினது இல்லீங்க. வைகாசியில மருமக வந்தா. ஆடியில மொதக் கன்னு போச்சு. அப்புறம் வரிசையாப் போவுது. நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலீங்க. ஊரு சொல்லுது."

உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பெரியவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மோரைக் குடித்து முடித்தார். அவசரப்படாமல் கேட்டார்: "அம்மா, அந்த வைகாசி மாசம் இந்த வீட்டுக்கு வேறே யார் வந்தாங்க?"

"வேறே யாருங்க? விருந்தாடிங்க வந்தாங்க, போனாங்க. தங்கினது இவ ஒருத்திதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. நாலு காலோட யாரும் வரலையா?"

அந்த அம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பெரியவருக்கு விளங்கிவிட்டது. தூணிலிருந்து பார்வையை எடுத்தார்.

"சந்தை மாடு!" என்றார்.

துண்டுக்கு அடியில் நடந்தது

கல்யாணத்துக்கு முதல் வாரம்தான் அந்த மாட்டைச் சந்தையில் வாங்கியிருக்கிறார்கள். ஜெர்ஸிக் கலப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஐந்து மாதச் சினை. தரகர் வந்தார். துண்டைப் போர்த்து, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். சுழி பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், மடி பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டாலும் உண்மை வந்திருக்காது. "போன ஈற்று என்ன ஆயிற்று?" என்பதுதான் அது.

அந்த மாடுதான் ஆடியில் முதலில் வீசியது. கன்று செத்து விழுந்தது, இளங்கொடி விழவில்லை. இரண்டு நாள் பார்த்தார்கள். மருமகள் மாடு கன்று உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கூச்சப்படாமல் வெறுங்கையால் அதைப் பிடுங்கி எடுத்துச் சுத்தம் செய்தாள். மூட்டை ஆலமரத்துக்குப் போயிற்று. ஈரம் மட்டும் கட்டுத்தறியிலேயே தங்கிவிட்டது.

மாட்டின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கீழே எது கிடந்தாலும் முகர்ந்து பார்க்கும். கன்று என்றால் நக்கிக் கொடுக்கும். தன் கன்றா, அடுத்த மாட்டின் கன்றா, உயிரோடு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பக்கத்தில் கட்டியிருந்த செவலைக்கும் கருப்பிக்கும் அப்போது இளஞ்சினை. ஈரம் பட்ட வைக்கோலைத் தின்றன; தரையை நக்கின. வந்த விருந்தாளியை அவையே உள்ளே அழைத்துக்கொண்டன.

"இது கன்று வீச்சு நோய் என்று நினைக்கிறேன். ரத்தத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்" என்றார் டாக்டர்.

இனிப்புக்கு ஆசைப்படும் கிருமி

கன்று வீச்சு நோயைப் புத்தகங்களில் புரூசெல்லோசிஸ் என்று எழுதுவார்கள். அதை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிராணி. சினை இல்லாத மாட்டின் உடம்பில் புகுந்தால் அது பெரிய ஆர்ப்பாட்டம் ஏதும் செய்வதில்லை. நெறிகட்டிகளிலும் மடியிலும் சமர்த்தாகக் குடியிருக்கும். சினை முற்ற வேண்டியதுதான் தாமதம், கருப்பைக்கு ஓடிவிடுகிறது.

காரணம் என்ன? பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒருவகை இனிப்புப் பொருள் உண்டு. அதுதான் இந்தக் கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு என்பதை 1962இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அங்கே கிருமி கோடி கோடியாகப் பெருகும். நஞ்சுக்கொடி புண்ணாகும். தாயிடமிருந்து கன்றுக்குப் போகிற ஆகாரம் தடைப்படும். ஏழாவது, எட்டாவது மாதத்தில் கன்று வெளியே வந்து விழும்.

இதில் ஒரு பெரிய வஞ்சனை இருக்கிறது. கன்றை வீசிய பசு பெரும்பாலும் அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போடும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும். "ஏதோ திருஷ்டி, கழிந்துவிட்டது" என்று வீட்டுக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். ஆனால் கிருமி போய்விடவில்லை. பாலிலும் ஈற்றுக் கழிவிலும் அது வந்துகொண்டே இருக்கும். அடுத்தது புதிதாகச் சினைப்படும் கிடேரியின் முறை.

ரோஜா நிறத்தில் ஒரு சொட்டு

பரிசோதனையை நேரில் பார்த்தேன். இவ்வளவு பெரிய வழக்குக்கு இவ்வளவு சின்ன நீதிமன்றமா என்று தோன்றியது. வெள்ளை ஓடு ஒன்று. அதன்மேல் மாட்டு ரத்தத்தைத் தெளிய வைத்து எடுத்த நீர் ஒரு சொட்டு. ரோஜா நிறச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகள் கலந்த மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் குச்சியால் கலந்து நான்கு நிமிஷம் மெல்ல ஆட்டினார்கள். நோய் இல்லாவிட்டால் சொட்டு அப்படியே வழவழப்பாக இருக்கும். நோய் இருந்தால் பால் திரிந்தது போலக் குருணை கட்டும்.

சந்தை மாடு குருணை கட்டியது. செவலை கட்டியது. கருப்பியும் கட்டியது. நாலாவது பசுவான லட்சுமியின் சொட்டு மட்டும் வழவழப்பாக நின்றது. தப்பியது அது ஒன்றுதான்.

பாலிலேயே பார்க்கும் முறையும் உண்டு. பாலில் நீலச் சாயம் ஏற்றிய மருந்தை விட்டு வைத்தால், நோய் இருக்கும்போது மேலே திரளும் ஆடையில் நீல வளையம் விழுந்து, கீழே பால் வெள்ளையாக நிற்கும். ஒரு சொஸைட்டியின் மொத்தப் பாலையும் சோதித்து, "உங்கள் ஊரில் எங்கோ இருக்கிறது, தேடுங்கள்" என்று சொல்லிவிட இந்த முறை உதவும்.

முடிவைச் சொல்ல டாக்டர் மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது நானும் போனேன். மாட்டைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த இளங்கொடியை எடுத்தது நீதானே? உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

பதில் வரவில்லை. பதிலை மாமியார் சொன்னார். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"ஐப்பசியில இருந்து சாயங்காலமானாக் காய்ச்சலுங்க. ராத்திரியில வேர்த்துக் கொட்டுது. இடுப்பு வலிங்குறா, மூட்டு வலிங்குறா. காலையில எழுந்திரிச்சா ஒண்ணும் இல்ல. மருந்துக் கடையில மாத்திர வாங்கித் தந்தோமுங்க. வேலைக்குச் சடைஞ்சுக்கிட்டுச் சொல்றான்னு..." அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. 'எங்க வீட்டு மாடு கன்று வீசிச்சு, நான் கையால எடுத்தேன்'னு சொல்லணும். அப்பத்தான் எந்த ரத்தப் பரிசோதனை செய்யணும்னு டாக்டருக்குத் தெரியும்" என்றார் கால்நடை டாக்டர்.

நம்பப்படாத ஒரு பெண்மணி

மாட்டு நோய் மனிதருக்கு எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை காண உலகத்துக்கு முப்பது வருஷம் பிடித்தது.

மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு. அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஏறி இறங்கும் ஒரு ஜுரம் வந்துகொண்டே இருந்தது. 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், அதில் இறந்தவர்களின் மண்ணீரலில் ஒரு கிருமியைக் கண்டார். புரூசெல்லா என்ற பெயர் அவரால் வந்ததுதான். கிருமி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்டா தீவு டாக்டர் ஆடுகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். நோய் என்று சொல்ல முடியாதபடி கொழுகொழுவென்று இருந்த ஆடுகளில் கிருமியின் அடையாளம் இருந்தது. அவற்றின் பச்சைப் பால்தான் குற்றவாளி! மறு வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள்; ஜுரமும் மளமளவென்று குறைந்தது.

இதற்கிடையில், 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர், பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆட்டு ஜுரம் ஒரு பக்கம், மாட்டு நோய் ஒரு பக்கம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் ஒரு பெண்மணி. ஆலிஸ் இவான்ஸ் என்று பெயர். அமெரிக்க விவசாய இலாகாவின் பால் பிரிவில் வேலை. இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு என்றும், பச்சைப் பால் மனிதருக்கு ஆபத்து என்றும் 1918இல் எழுதினார். பெரிய பெரிய நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள், பக்கவாட்டில்! அத்தனை பேர் கண்ணில் படாதது டாக்டர் பட்டம்கூட இல்லாத ஒரு பெண்ணின் கண்ணில் பட்டுவிடுமா என்பது அவர்கள் வாதம். பிறகு மற்ற இடங்களிலும் ஆராய்ந்தார்கள். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. 1928இல் அமெரிக்கக் கிருமியியல் நிபுணர்களின் சங்கம் அவரையே தலைவராக்கியது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

ஆனால் 1922இல் ஆராய்ச்சி செய்யும்போதே அவருக்கு அந்தக் கிருமி தொற்றிவிட்டது. வருவதும் போவதுமாகச் சுமார் இருபது வருஷம் அவரை அது படுத்தியது. மாலையில் காய்ச்சல், ராத்திரி வேர்வை, பகலெல்லாம் அசதி; பார்வைக்கு ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட நோயாளியை, "நரம்புத் தளர்ச்சி" என்றோ, "வேலைக்குச் சோம்பல்" என்றோ சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! கொங்கு நாட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணுக்கும் அதே கதிதானே நேரவிருந்தது?

நல்ல வேளையாக இன்று மருந்து இருக்கிறது. பரிசோதனையில் நோய் உறுதியானால் டாக்டர் சொல்லும் மாத்திரைகளைப் பொதுவாக ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பத்து நாளில் காய்ச்சல் விட்டதே என்று நிறுத்தினால் அது திரும்பி வரும். அந்தப் பெண்ணுக்கும் ஆஸ்பத்திரியில் நோய் உறுதியாயிற்று. ஆறு வாரமும் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார்தான்.

எல்லாப் பழியும் ஒன்றின் மேலா?

கன்று வீசினாலே இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு குற்றவாளிகளும் உண்டு. எந்த மாதத்தில் வீசியது என்பது ஒரு நல்ல தடயம்.

ஊர்ப் பொலிகாளையிடமிருந்து வரும் நோய்கள் இளஞ்சினையிலேயே கருவைக் கலைத்துவிடும். கரு கலைந்தது கூடத் தெரியாது. "சினை நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பதுதான் புகாராக இருக்கும். நன்றாகச் சோதித்த காளையிலிருந்து எடுத்த சினை ஊசி இதற்குத் தடுப்பு.

நடுச் சினையில், ஐந்து ஆறு மாதத்தில் வீசினால், நாயின் மேல் சந்தேகப்படலாம். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தில் வரும். அது தீவனத்தில் கலந்து மாட்டுக்குப் போகும். மாட்டின் நஞ்சுக்கொடியைத் தின்ற நாய்க்குத் திரும்பவும் வரும். இளங்கொடியை நாய்க்கு எட்டாமல் வைத்த பெரியவர்களுக்கு டாக்டர் கும்பிடு போட்டது இதனால்தான்.

கடைசி மாதங்களில் எலிக் காய்ச்சல் கிருமியும் வேலை காட்டும். எலியின் மூத்திரம் கலந்த தேங்கிய நீரிலிருந்து அது வருகிறது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் கன்றைக் கெடுக்கும். மூக்கில் சளியாகத் தொடங்கி, மாதங்கள் கழித்துக் கருவைக் கலைக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. கோமாரி போன்ற கடுமையான காய்ச்சலிலும் கன்று விழுவது உண்டு.

பல சமயங்களில் பரிசோதனைச் சாலையிலும் விடை கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டுமானால் விழுந்த கன்றும் நஞ்சுக்கொடியும் அழுகுவதற்கு முன்னால் டாக்டருக்குச் செய்தி போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைத்தால் அந்த விடையும் சேர்ந்தே புதைந்துபோகும்.

கையில் உறை, கன்றுக்கு ஊசி

சரி, நான்கு மாடு வைத்திருக்கிற ஒருவர் என்னதான் செய்வது? டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

கன்றை வீசிய மாட்டை உடனே தனியே கட்ட வேண்டும். டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். செத்த கன்று, நஞ்சுக்கொடி, நனைந்த வைக்கோல் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வீசின மாட்டின் மூட்டைக்கு ஆலமரம் ஆகாது. தரையைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பால் விஷயத்தில் நம் பாட்டிமார்கள் நம்மைக் காப்பாற்றிவிட்டார்கள். பொங்கிவர, நுரைத்துவரக் காய்ச்சாத பாலை நம் வீடுகளில் தொடுவதில்லை. கொதித்த பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. "கறந்த சூட்டோடு பச்சையாகக் குடித்தால் பலம்" என்று சொல்லும் பலசாலிகள்தாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தடுப்பூசி. அதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1923இல் அமெரிக்காவில் ஒரு ஜெர்ஸிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை, ஜான் பக் என்ற ஆராய்ச்சியாளர் வளர்த்தார். அது ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால், கொடிய கிருமி சாதுவாகிவிட்டிருந்தது! நோயைக் கொடுக்காமல், நோயை எதிர்க்கும் சக்தியை மட்டும் கொடுத்தது. எஸ் 19 என்ற அந்த ஊசிதான் இன்றும் நம் நாட்டில் கிடேரிக் கன்றுகளுக்குப் போடப்படுகிறது.

2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார், கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் ஒழிக்க ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. வருஷத்துக்கு 3.6 கோடிக் கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போடுவது அதன் இலக்கு. நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை, இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. வயது தவறினால் வாய்ப்பும் தவறிவிடும். எனவே முகாம் நடக்கிறது என்று தெரிந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியா இந்த மாட்டு நோயை 1989இல் அடியோடு ஒழித்துவிட்டதாக அறிவித்தது. நோய் கண்ட மாடுகளைத் தேடிப் பிடித்து வெட்டித் தள்ளினார்கள். நம் நாட்டில் அது நடக்கிற காரியம் அல்ல. பெயர் வைத்து, பொங்கலுக்குப் பொட்டு வைத்து வளர்க்கிற மாடு. ஆகவே நமக்கு வழி, கன்றிலேயே ஊசி போடுவதும், நோய் கண்ட மாட்டைச் சந்தைக்கு அனுப்பாமல் இருப்பதும்தான்.

தரகர் வந்தார்

இந்தக் கடைசி வார்த்தை சொல்ல எளிது. அந்தப் பெரியவருக்கு எளிதாக இல்லை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. பழைய தரகரே வந்தார். "மூணு மாட்டையும் ஓட்டிவிடுங்க. ஒரு தடவை வீசின மாடு மறு ஈத்துல ஜம்முனு கன்னு போடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து.

கன்று வீச்சு நோயைத் தெரிவிக்க வேண்டும், தொற்று நோய் கண்ட மாட்டைச் சந்தைக்குக் கொண்டு போகக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் துண்டுக்கு அடியில் நடக்கிற பேரத்தைச் சட்டம் எட்டிப் பார்க்க முடியுமா? வீட்டில் கடன் இருக்கிறது. மூன்று மாட்டுக்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. விற்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

பெரியவர் ஒரு நாள் முழுவதும் பேசவில்லையாம். மறுநாள் தரகருக்குச் சொல்லி அனுப்பினார்: "எங்கிட்ட வித்தவன் சொல்லல. அதனால எம் மருமக காய்ச்சல்ல கிடந்தா. நானும் சொல்லாம வித்தா, எவன் வீட்டு மருமகளோ கிடப்பா. வேண்டாம், போ."

மூன்று மாடுகளையும் தோட்டத்துக் கோடியில் தனிக் கொட்டகை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இனி அவை கன்று போடுவது அங்கேதான். கழிவெல்லாம் சுண்ணாம்புக் குழிக்குத்தான். ஆலமரத்திலிருந்த மூன்று மூட்டைகளையும் இறக்கிப் புதைத்துவிட்டார்கள். கறவை குறைந்ததால் மகன் சைஸிங் மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறான். கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அது அந்த வீட்டு வேலியைத் தாண்டிப் போகவில்லை.

பங்குனியில் மறுபடி போயிருந்தேன். லட்சுமியின் கிடேரிக் கன்று ஊசி போட்டுக்கொண்டு, காதில் மஞ்சள் வில்லையோடு துள்ளிக்கொண்டிருந்தது. மருமகள் முகத்தில் தெளிவு வந்திருந்தது. இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்காமல் அவளே மோர் கொண்டுவந்தாள்.

கொடியில் சேலைகளுக்கு நடுவே ஒரு ஜோடி ரப்பர் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை மாமியார் பார்த்துவிட்டார்.

"டவுனுக்குப் போனப்ப நாந்தானுங்க வாங்கியாந்தேன். அவளுக்கு ஒண்ணு" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கும் ஒண்ணு வாங்கிக்கிட்டேனுங்க. அவ மட்டும் தனியாவா கட்டுத்தறிக்குப் போவா?" என்றார்.